பிசினுக்கு அடியில்: அரிய வால்வு ஆம்ப்ளிஃபையர்களின் நாதம் பற்றி

கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் அலெக்சாண்டர் டம்பிள் கையால் செய்த கிடார் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றைத் திறந்தால், பார்க்க வேண்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாது. ரெசிஸ்டர்களையும் கெபாசிட்டர்களையும் மூடி எபாக்சி பிசின் ஊற்றி இறுக வைத்திருப்பார். எந்தப் பாகம், என்ன மதிப்பு என்று பிறர் பார்த்து நகலெடுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். 1944இல் பிறந்து 2022 ஜனவரியில் மறைந்த டம்பிள், வாழ்நாள் முழுவதும் செய்தவை சுமார் 300 ஆம்ப்ளிஃபையர்கள்தாம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை சொல்கிறார்கள்.

பழுது நீக்குவதற்காகவும் ஆராய்வதற்காகவும் அந்தப் பிசினைப் பெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். அடியில் அவர்கள் கண்டது, 1960களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கிளைத்த ஒரு சுற்று. அதன் பின்னால் கூடுதலாக இரண்டு பெருக்கக் கட்டங்கள். மாயப் பொருள் எதுவும் இல்லை. அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு பல பட்டறைகள் இன்று நகல்கள் செய்கின்றன, அவற்றில் சில மிக நன்றாகவே பாடுகின்றன. ஆனாலும் மூலத்தின் விலை இறங்கவில்லை. அப்படியானால் அந்த நாதம் எங்கே இருக்கிறது? வால்விலா, பாகங்களிலா, சுற்றிலா, ஸ்பீக்கரிலா, செய்தவரின் காதிலா, வாங்குபவரின் ஆசையிலா? கிடார் உலகம் பல பத்தாண்டுகளாக ஓயாமல் விவாதிக்கும் இந்தக் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். அந்த விடை சேகரிப்பாளர்களுக்கு உவப்பாக இருக்காது. எல்லாமே மனப்பிரமை என்று தள்ளிவிடுகிறவர்களுக்கும் உவப்பாக இருக்காது.

வீட்டில் வால்வு ரேடியோ இருந்த தலைமுறைக்கு இதன் அடிப்படை பழக்கமானதுதான். ஸ்விட்சைப் போட்டவுடன் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாகச் சூடேறிய பிறகுதான் குரல் எழும். சூடேறிய கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தைக் கடந்து, சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் காத்திருக்கும் தகட்டைச் சென்று சேர்கின்றன. வழியில் கிரிட் என்ற கம்பி வலை இருக்கிறது. அந்த வலையில் நேரும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் இந்தப் பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கிடாரின் பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் இப்படித்தான் அரங்கை நிரப்பும் ஒலியாகிறது. 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய வால்வு முதற்கட்டப் பெருக்கத்தைப் பார்த்துக்கொள்ள, 6எல்6, 6வி6, ஈஎல்34, ஈஎல்84 ஆகிய பெரிய வால்வுகள் ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. இந்த நான்கில் எது என்று சொன்னாலே, பழகிய கிடார்காரர் அந்த ஆம்பின் குணத்தைப் பாதி ஊகித்துவிடுவார்.

ரேடியோ செய்த பொறியாளர்களுக்கு, உள்ளே போன ஒலி சிதையாமல் வெளியே வருவதே இலக்கு. கிடார்காரர்கள் அந்த இலக்கை மீறினார்கள். மேளங்களுக்கும் ஊதுகுழல்களுக்கும் நடுவே தங்கள் குரல் கேட்க வேண்டும் என்று வால்யூமைக் கடைசிவரை திருகியபோது, வால்வு தன் எல்லையைத் தொட்டு அலையின் முகடுகளை மழுக்கியது. ஒலி தடித்தது, நீண்டு நின்றது, பாடகரின் குரலைப் போல லேசாகக் கரகரத்தது. பொறியாளர் குறை என்று எழுதிவைத்ததை இசைக்கலைஞர் குரலாக ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து மின்கிடாரும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே ஒரு வாத்தியம்.

அந்த வாத்தியத்தின் வம்சாவளியைப் பார்த்தால் நகல் என்பது இந்தத் துறையில் இழிசொல்லே அல்ல என்று புரியும். 1950களின் இறுதியில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் விற்ற பாஸ்மேன் என்ற ஆம்ப், 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைக் கொண்டது. பேஸ் கிடாருக்காகச் செய்யப்பட்டது. சாதாரணக் கிடார் வாசிப்பவர்களே அதை அதிகம் விரும்பினார்கள். 1962இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும், அவரோடு இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் இருவரும் அதே பாஸ்மேன் சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். சுற்று ஒன்றுதான். ஆனால் முதல் கட்டத்தில் ஃபெண்டர் வைத்த 12ஏஒய்7 வால்வுக்குப் பதிலாக, அதைவிட இரு மடங்குக்கு மேல் பெருக்கும் ஈசிசி83 (12ஏஎக்ஸ்7இன் ஐரோப்பியப் பெயர்) வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இங்கிலாந்தில் கிடைத்தது. பின்புறம் திறந்த பெட்டிக்குப் பதில் மூடிய பெட்டி, ஜென்சன் ஸ்பீக்கருக்குப் பதில் செலஸ்டியன். இந்தச் சில மாற்றங்களால் அமெரிக்கப் பாஸ்மேன் இங்கிலாந்தில் வேறொரு குரலில் பேசியது. 1966இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் ஒரு மார்ஷலை உரக்க வைத்துப் பதிவு செய்த ஒலி, ராக் கிடாரின் இலக்கணத்தையே மாற்றியது. வரைபடத்தை மட்டும் வைத்து ஒலியைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தனிப் பட்டறைகள் தோன்றியதற்குப் பெரிய நிறுவனங்களின் போக்கும் ஒரு காரணம். 1965இல் சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பொறியாளர்கள் சுற்றுகளைத் திருத்தினார்கள். ஒலி சிதைவது குறைய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அளவுகோலின்படி ஆம்ப்கள் மேம்பட்டன, வாசிப்பவர்கள் ஏமாந்தார்கள். அதே காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ராண்டல் ஸ்மித் என்ற இளைஞர், சிறிய ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்புக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மரையும் 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரையும் திணித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை வாசித்துப் பார்த்த கிடார் கலைஞர் கார்லோஸ் சந்தானா வியந்து சொன்ன சொல்லே அந்த ஆம்புக்குப் பூகி என்ற பெயராயிற்று. ஸ்மித் அடுத்துச் செய்தது இன்னும் முக்கியமானது. ஒரு பெருக்கக் கட்டத்தின் பின்னால் இன்னொன்றை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம் வைத்தார். சிறிய ஒலியளவிலும் நீண்டு பாடும் டிஸ்டார்ஷன் அதனால் சாத்தியமானது. டம்பிளும் அதே பாதையில், தன் வழியில் சென்றார்.

டம்பிளின் ஓவர்டிரைவ் ஸ்பெஷல் 1970களின் தொடக்கத்தில் உருவானது. ஒரு விடுதியில் தான் ஃபெண்டர் பாஸ்மேனில் வாசித்ததைக் கேட்டுத்தான் அந்த யோசனை பிறந்ததாக டம்பிள் தன்னிடம் சொன்னார் என்று கிடார் கலைஞர் ராபன் ஃபோர்ட் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இதை நான் வெறும் சுவையான கதையாகப் பார்க்கவில்லை. டம்பிளின் வேலைமுறை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. அவர் ஒரு கலைஞரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்; அவருடைய கை எவ்வளவு அழுத்துகிறது, எந்தக் கிடார், எந்தச் சுரப்பகுதியில் அதிகம் உலவுகிறார் என்று கவனித்து, அதற்கேற்ப மதிப்புகளை மாற்றுவார். அதனால்தான் ஓவர்டிரைவ் ஸ்பெஷல் என்ற ஒரே பெயரில் வந்த இரண்டு ஆம்ப்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஃபோர்டின் 1988ஆம் ஆண்டு ஆல்பமான 'டாக் டு யுவர் டாட்டர்' கேட்டவர்களுக்கு அந்த நாதம் என்னவென்று தெரியும். மென்மையாகத் தொட்டால் தெளிவு. கொஞ்சம் அழுத்தினால் சுரத்தின் ஓரம் கனிந்து, சில கணங்களில் மேற்சுரங்கள் மலர்ந்து எழுகின்றன. 1982 இறுதியில் கிடார் கலைஞர் ஸ்டீவி ரே வான் தன் முதல் ஆல்பத்தைப் பாடகர் ஜாக்சன் பிரவுனின் ஸ்டூடியோவில் பதிவு செய்தபோது அங்கிருந்த பிரவுனின் டம்பிளைப் பயன்படுத்தினார். வானுக்குப் பிடித்தது கனிவல்ல. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உடையாமல் நின்ற தெளிவு. இருவேறு கைகள், இருவேறு டம்பிள்கள், இருவேறு நாதங்கள். 'டம்பிள் ஒலி' என்று ஒன்றைச் சுட்டிக்காட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் மறுகரையில், நியூ ஜெர்சியில், கென் ஃபிஷர் இருந்தார். ஆம்பெக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிறகு பழுதுபார்ப்பவர், 1980களில் டிரெயின்ரெக் என்ற பெயரில் தானே ஆம்ப் செய்யத் தொடங்கியவர். 2006இல் மறைந்த அவர் செய்தவை நூறை ஒட்டிய எண்ணிக்கைதான். உடல்நலமின்மை அவரை நெடுங்காலம் வாட்டியது. அவர் தன் ஆம்ப்களுக்கு வரிசை எண் போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் வைத்தார். எக்ஸ்பிரஸ், லிவர்பூல், ராக்கெட் என்று மூன்றே முக்கிய மாடல்கள். எக்ஸ்பிரஸைத் திறந்தால் மூன்று சிறிய வால்வுகள், இரண்டு பெரிய வால்வுகள், கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான். சேனல் மாற்றும் வசதி இல்லை, மாஸ்டர் வால்யூம் இல்லை. ஆம்பை உயர வைத்துவிட்டுக் கிடாரில் இருக்கும் வால்யூம் குமிழியால்தான் எல்லாவற்றையும் ஆள வேண்டும். குமிழியைக் குறைத்தால் மணியோசை போன்ற தெளிவு, கூட்டினால் கர்ஜனை.

ஃபிஷரின் மேதைமை எங்கே இருந்தது என்பதை, அவர் வேலையை ஆராய்ந்த பலரும் ஒரே இடத்தில் சுட்டுகிறார்கள்: கம்பிகள் கிடக்கும் கிடப்பில். அதிகப் பெருக்கம் உள்ள சுற்றில் ஒரு கம்பிக்கும் இன்னொன்றுக்கும் இடையே உள்ள தூரமே ஒரு பாகமாகச் செயல்படும். மிக நெருங்கினால் ஆம்ப் தானே ஊளையிடும். விலகினால் உயிர் குறையும். ஊளைக்குச் சற்று முன்னால், விளிம்பில் நிற்கும்படி ஃபிஷர் கம்பிகளை அமைத்தார். வரைபடத்தில் இதை எழுதிக் காட்ட வழியில்லை. அதே மதிப்புள்ள பாகங்களைக் கொண்டு செய்த நகல் ஏன் மந்தமாக ஒலிக்கிறது என்று குழம்பியவர்களுக்கு விடை இங்கே இருந்தது. கைவேலை என்ற சொல்லை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் பலர்; கைவேலையால் ஒலி அளக்கத்தக்க விதத்தில் மாறுகிறது என்பதற்கு டிரெயின்ரெக்தான் நேரான சான்று.

இந்த இருவருக்குப் பிறகு தனிப் பட்டறை என்பது ஒரு சிறு தொழிலாகவே வளர்ந்தது. 1989இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்க் சாம்சனும் ரிக் பெரோட்டாவும் தொடங்கிய மேட்ச்லெஸ், பழைய இங்கிலாந்து வாக்ஸ் ஏசி30இன் குரலை, சுற்றுப்பயணத்தில் உடையாத உறுதியோடு கொடுக்க முயன்றது. ஈஎல்84 வால்வுகள் நான்கு, இரண்டு வெவ்வேறு வகை ஸ்பீக்கர்கள், தடித்த உலோகச் சட்டம். டாக்டர் இசட், டூ-ராக், ஃபிஷரின் வடிவமைப்போடு தொடங்கிய கோமெட் என்று வரிசை நீள்கிறது. பெரும்பாலானவை ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் ஆகிய மூன்று ஊற்றுகளில் ஒன்றிலிருந்தே நீர் எடுக்கின்றன.

இனி, வாசிப்பவர்கள் இவற்றைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயத்துக்கு வரலாம். ஒலியைவிட அதிகமாக அவர்கள் தொடுகையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆம்ப் விரலுக்குப் பதில் சொல்கிறது என்பார்கள். இது கவித்துவம் அல்ல, மின்னியல். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரும் வால்வாக உள்ள ஆம்பில் தந்தியை ஓங்கி அடித்தால், பெரிய வால்வுகள் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கின்றன. ரெக்டிஃபையரின் உள்தடையால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து மெல்ல மீள்கிறது. அடியின் முனை அமுங்கி, பின்னால் வரும் சுரம் வீங்கி எழுவதாகக் காதுக்குப் படுகிறது. கிரிட் எல்லை மீறித் தள்ளப்படும்போது இணைப்புக் கெபாசிட்டரில் மின்னூட்டம் தேங்கி, வால்வின் இயங்குநிலையே சற்று நேரம் இடம்பெயர்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நிறைவடைகிறது. ஸ்பீக்கரின் மின்மறுப்பு சுரத்துக்குச் சுரம் மாறி, வால்வின் நடத்தையை மாற்றுகிறது. வெளியீட்டின் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி ஊட்டும் எதிர்ப்பின்னூட்டம் இல்லாத வாக்ஸ் வகை ஆம்பில் இந்த மாற்றம் இன்னும் அதிகம். இவை அனைத்தும் மில்லிநொடிகளில், ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்கின்றன. அடுத்த சுரம் எப்படி ஒலிக்கும் என்பதை முந்தைய அடியும் தீர்மானிக்கிறது. வாசிப்பவரின் கை அதைக் கற்றுக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது. நல்ல பட்டறைக்காரர் உண்மையில் வடிவமைப்பது இந்த நேரக் கணக்கைத்தான். அரிய ஆம்ப்களின் கவர்ச்சிக்கு மையம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சொல்லாமல், வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களைத் தருவதால் இனிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. அடிச்சுரத்தை ஸட்ஜம் என்று கொண்டால் இரண்டாம் மேற்சுரம் மேல் ஸட்ஜம், மூன்றாவது அதற்கும் மேலுள்ள பஞ்சமம். இரண்டும் ஒத்திசைபவைதாம், ஏழாவது, ஒன்பதாவது என்று மேலே போகப்போகத்தான் ஒலி முரடாகிறது. இந்தக் கருத்துக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ரஸ்ஸல் ஹாம் 1973இல் ஒலிப்பொறியியல் கழக இதழில் வெளியிட்ட கட்டுரை. அவர் ஆராய்ந்தது ஸ்டூடியோவில் மைக்குக்கான முன்பெருக்கிகளை. கிடார் ஆம்பை அல்ல. மேலும், கிடார் ஆம்ப்களில் பெரும்பாலானவை இரண்டிரண்டு வால்வுகளை எதிரெதிராக இயக்கும் புஷ்-புல் அமைப்பு கொண்டவை. அந்த அமைப்பு இறுதிக் கட்டத்தில் பிறக்கும் இரட்டைப்படை மேற்சுரங்களைப் பெருமளவு ரத்து செய்துவிடும். அவை பிறந்து நிலைப்பது முன்பெருக்கக் கட்டங்களில். எந்தக் கட்டம் முதலில் மழுங்குகிறது, அடுத்தது எப்போது சேர்கிறது, எவ்வளவு மெதுவாகச் சேர்கிறது என்ற வரிசைதான் முக்கியம். அந்த வரிசையை ஒருவர் காதால் தீர்மானிக்கிறார். மேற்சுரக் கணக்கு அதற்குப் பிறகு வருவது.

பாகங்களின் மீதான பக்தியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களைத் தேடிப் போடுகிறவர்கள் உண்டு. பெரிய மின்னழுத்த ஊசல் இருக்கும் இடத்தில் அவை சிறிதளவு இரண்டாம் மேற்சுரம் சேர்ப்பது உண்மை. சிக்னல் மெலிந்திருக்கும் முதல் கட்டத்தில் போட்டால் கிடைப்பது இரைச்சல் மட்டுமே. பழைய கெபாசிட்டர் எந்த நிறத்தில் இருந்தது என்று பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மதிப்பு சரியாக இருந்து, கசிவு இல்லையென்றால் போதும். டிரான்ஸ்ஃபார்மர் விஷயம் வேறு. அதன் சுற்றலும் இரும்பும் ஒலியை வெளிப்படையாகவே மாற்றும். பலகையில் அச்சிட்ட சுற்று கெட்டது, கையால் கம்பி இழுத்தது நல்லது என்பதும் முழுதாக ஏற்கத்தக்கதல்ல. கவனமாக வடிவமைத்த அச்சுச் சுற்றில் அருமையான ஆம்ப்கள் இருக்கின்றன. ஆனால் கையால் செய்த ஆம்பை முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்து பழுதுபார்க்க முடியும். ஒலியை விட்டுவிட்டாலும் அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஒலியை மாற்றுவதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஸ்பீக்கர். நாஷ்வில்லைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஜிம் லில், ஆம்பின் ஒவ்வொரு அம்சத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பதிவு செய்து வெளியிட்ட சோதனைகளைக் கேட்டால் தெரியும்: டோன் சுற்று எந்தக் கட்டத்தில் அமைந்திருக்கிறது, ஒலி எங்கே எவ்வளவு மழுங்குகிறது, எந்த ஸ்பீக்கர் என்பவற்றைச் சரியாக வைத்துவிட்டால், பதிவில் பிரித்தறிய முடியாத அளவுக்குப் புகழ்பெற்ற ஆம்ப்களை நெருங்கிவிடலாம். இது பலரைக் கோபப்படுத்தியது. கோபத்துக்கு அவசியமில்லை. அந்தச் சோதனை பதிவைக் கேட்பவரின் காதைப் பற்றியது. வாசிப்பவரின் கையைப் பற்றியது அல்ல.

கையைச் சோதிப்பதற்கு வயலின் உலகில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃப்ரிட்ஸும் அவருடைய குழுவினரும் 21 வயலின் கலைஞர்களுக்குப் பார்வையை மறைக்கும் கண்ணாடி போட்டு, புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின்களான இரண்டு ஸ்ட்ராடிவாரியும் ஒரு குவார்னேரியும் புதிய வயலின்கள் மூன்றும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பலர் விரும்பி எடுத்தது புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. பழையது எது, புதியது எது என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வயலின்களுக்கு இடையே வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தெளிவான விருப்பம் இருந்தது. அந்த விருப்பம் வயதையும் விலையையும் பின்பற்றவில்லை, அவ்வளவுதான். டம்பிள்களையும் அவற்றின் நல்ல நகல்களையும் நாம் இந்தப் பாடத்தோடுதான் அணுக வேண்டும்.

வால்வே இல்லாமலும் பெரிய இசை பிறந்திருக்கிறது. ரோலண்ட் 1975இல் கொண்டுவந்த ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டரால் ஆனது. அதன் தெளிவான ஒலிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. பி.பி. கிங் நெடுங்காலம் வாசித்த லேப் சீரிஸ் எல்5 ஆம்பும் டிரான்சிஸ்டர்தான். அந்த நாதத்தில் குறை சொல்ல யாரால் முடியும்? டிஜிட்டல் கருவிகளும் 1998இல் லைன் 6இன் பாட் வந்த நாளிலிருந்து நெடுந்தூரம் கடந்துவிட்டன. ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், ஜெர்மனியின் கெம்பர், இப்போது நரம்பியல் வலைப்பின்னல் கொண்டு ஓர் ஆம்பின் நடத்தையையே படித்துக்கொள்ளும் மென்பொருள்கள் என்று வளர்ந்து, பதிவிலும் பெரிய மேடையிலும் வேறுபாட்டை ஏறக்குறைய அழித்துவிட்டன. வாடகை வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் வாசிக்க வேண்டிய இளைஞருக்கு இவைதாம் சரியான வழி. 30 வாட் வால்வு ஆம்ப் தன் இனிய இடத்தை எட்டும்போது ஒரு சிறிய அறையில் உட்காரவே முடியாது. ஃபிஷரே இதற்காக ஏர்பிரேக் என்ற ஒலித்தணிப்பானைச் செய்ய வேண்டியிருந்தது.

டிஜிட்டலில் எஞ்சியிருக்கும் வேறுபாடு அறையில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் தள்ளும் காற்று கிடாரின் தந்தியைத் தொட்டு அதிரவைத்து, தந்தி மீண்டும் ஆம்புக்குள் பேசும் அந்தச் சுழற்சியை ஹெட்ஃபோனில் பெற முடியாது. ஆனால் அதே சுழற்சி, ஆயிரம் டாலருக்குள் கிடைக்கும் சாதாரண வால்வு ஆம்பிலும் நடக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கலையின் எதிர்காலத்துக்கு உண்மையான ஆபத்து வால்வு கிடைப்பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் செய்தார்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் பிலிப்ஸின் துணையோடு ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. நம் வீடுகளில் பாடிய பல ரேடியோக்களின் உள்ளே இருந்தவை அவைதாம். பெட்டியில் கிடந்து மிஞ்சிய பெங்களூர் ஈசிசி83 வால்வுகளை இன்று வெளிநாட்டுக் கிடார்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். இப்போது கிடாருக்கான வால்வுகளைப் பெருமளவில் செய்பவை ரஷ்யாவின் சரடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஆகிய ஊர்களில் உள்ள ஆலைகளும் சீன ஆலைகளும்தாம். பழைய இங்கிலாந்து, அமெரிக்கப் பெயர்கள் அச்சிட்ட பெட்டிகளில் வருபவற்றில் பல சரடோவ் ஆலையில் பிறந்தவை. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில், ரஷ்ய ஏற்றுமதித் தடையால் அந்த ஆலையின் வால்வுகள் நின்றுபோகும் என்ற அறிவிப்பு வந்ததும் உலகெங்கும் இருப்பு காலியாயிற்று. தடை பின்னர் தளர்ந்தது, விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு லட்சம் டாலர் ஆம்பும் சில பத்து டாலர் மதிப்புள்ள ஒரு கண்ணாடிக் குழாயை நம்பித்தான் இருக்கிறது.

விலையைப் பற்றி இனி ஒளிக்க ஒன்றுமில்லை. டம்பிளுக்கும் டிரெயின்ரெக்குக்கும் கொடுக்கும் தொகையில் ஒலிக்கான பங்கு சிறியது. மீதி, இனி எவராலும் இன்னொன்று செய்ய முடியாது என்பதற்காகவும், யார் கையில் இருந்தது என்பதற்காகவும் கொடுப்பது. ஓவியத்துக்கு அப்படிக் கொடுப்பவர்கள் உண்டு, இதிலும் கொடுக்கட்டும். ஆனால் அந்த ஆம்ப்கள் பாதுகாப்புப் பெட்டகங்களில் போய் அடைவது எனக்கு வருத்தம் தருகிறது. வாசிக்கப்படாத வால்வு ஆம்பில் மின்னாற்பகுப்புக் கெபாசிட்டர்கள் கெடுகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, வேறொருவர் கைக்காக அளவெடுத்துச் செய்ததை வாங்கி, அதில் தன் கைக்கான குரலைத் தேடுவது. ஃபோர்டுக்காகச் செய்த ஆம்ப் ஃபோர்டின் விரலுக்குப் பதில் சொல்லும். வாங்கியவரின் விரலுக்கும் சொல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

எனவே என் தீர்ப்பு இது: இந்த ஆம்ப்களின் நாதம் உண்மையானது, அது ஒரு குறிப்பிட்ட காதும் ஒரு குறிப்பிட்ட கையும் எதிரெதிரே உட்கார்ந்து உருவாக்கியது, பழைய பொருளை வாங்குவதால் அந்தச் சந்திப்பு வாங்குபவருக்குக் கிடைத்துவிடாது. சிறிய பட்டறைகளில் இன்றும் ஆம்ப் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் விலை ஒரு பழைய டம்பிளின் விலையில் சிறு பங்குதான். ஆம்ப் வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் அப்படி ஒருவரைத் தேடிப் போங்கள். உங்கள் கிடாரை எடுத்துச் சென்று அவர் முன்னால் வாசியுங்கள். கூடுதல், குறைவு என்று உங்கள் கைக்குப் பட்டதைச் சொல்லுங்கள். அவர் கேட்டு மாற்றித் தரட்டும்.